முதுமையில் எழும் நீர்க்கொப்புளங்கள்: அரிப்பு முந்தி வரும்

மார்கழி, தை மாதங்களில் எங்கள் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் முதியவர்களில் பலரும் சொல்லும் முறையீடு ஒன்றே: உடம்பெல்லாம் அரிக்கிறது. தெலுங்கு பேசுவோர் அதனைத் துரத என்பார்கள். கன்னடம் பேசுவோர் துரிகெ என்பார்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். இங்கு வீசும் பனிக்காற்று வயதானவர்களின் தோலை வறளச் செய்வது உண்மைதான். பெரும்பாலோருக்குக் குளித்தவுடன் தேங்காய் எண்ணெய் தடவினாலே அரிப்பு அடங்கிவிடும்.

சிலருக்கு மட்டும் அடங்குவதில்லை. பனிக்காலம் போய் மாம்பூ உதிரும் காலம் வந்த பின்னும் அரிப்பு நீடிக்கும். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சொறிந்து சலித்த பிறகு, ஒரு நாள் காலையில் தொடையிலோ வயிற்றிலோ முன்கையிலோ நீர் நிறைந்த கொப்புளம் ஒன்று விறைத்து நிற்கும். புல்லஸ் பெம்பிகாய்டு என்னும் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் தோலையே பகையாகக் கருதித் தாக்குவதால் வரும் நோய் இது. பொதுவாக 60 வயதைக் கடந்தவர்களையே நாடுகிறது.

எங்களிடம் வந்த பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காட்டாதவாறு ஒருவரது வரலாறாக இங்கே சொல்கிறோம். சூளகிரிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 72 வயது அம்மையார் அவர். மகனும் மருமகளும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முறையில் பணிபுரிகிறார்கள். ஓசூரில் வாடகை வீடு. அம்மையாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பெங்களூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அங்கிருந்த மருத்துவர் ஒருவர் சர்க்கரை மாத்திரையை மாற்றி எழுதினார். ஓராண்டு கழித்து அரிப்பு தொடங்கியது. ஓரிடத்தில் அதைச் சிரங்கு என்று சொல்லி, வீட்டார் அனைவருக்கும் மருந்து கொடுத்தார்கள். கொப்புளம் எழுந்தபோது ஊரில் அக்கி என்றார்கள். காவி குழைத்து அக்கி எழுதிவிட்டார்கள். அதன் பிறகு அம்மையாருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், கூடத்து மூலையில் தனிப் பாய். பேரன் பக்கத்தில் போகக் கூடாது.

எங்களிடம் வந்த அன்று அவர் உடலில் 40 கொப்புளங்களுக்கு மேல் இருந்தன. அவற்றில் சில சீழ் பிடித்திருந்தன. "தொற்றிக்கொள்ளுமோ என்றுதான் அத்தையைத் தனியாக வைத்தோம், டாக்டர்" என்று மருமகள் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அந்தப் பைக்குப் பிறகு வருகிறோம்.

இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொப்புள நீர் பட்டாலும் தொற்றாது. ஒரே தட்டில் உண்டாலும் தொற்றாது. பேரப்பிள்ளைகள் மடியில் அமரலாம். கத்திரிக்காயோ கருவாடோ உண்டதால் வந்த நோயும் அன்று. மாறாக, உடைந்த கொப்புளங்களின் வழியே உடல் புரதத்தை இழக்கிறது. பத்தியம் என்ற பெயரில் கஞ்சி மட்டும் கொடுத்தால் புண் ஆறுவது தாமதப்படும். முட்டை, பருப்பு, பால், மீன் ஆகியவை இவர்களுக்கு வேண்டிய உணவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டு உண்ண வேண்டும்.

சுவரும் பூச்சும்

நம் தோலை ஒரு சுவராக எண்ணிப் பாருங்கள். உள்தோல் செங்கல் கட்டு. மேல்தோல் அதன்மேல் உள்ள பூச்சு. பூச்சு பெயராமல் பிடித்து நிறுத்துவதற்கு நுண்ணிய இணைப்புகள் உள்ளன. அவற்றில் இரண்டு புரதங்கள் முக்கியமானவை: பி.பி. 180, பி.பி. 230. கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புரதங்கள் திசைமாறி இவ்விரண்டையும் தாக்கும்போது, பூச்சு சுவரை விட்டு விலகுகிறது. விலகிய இடத்தில் நீர் சேர்கிறது. கொப்புளத்தின் கூரையாக மேல்தோல் முழுவதும் இருப்பதால் அது தடித்து விறைப்பாக நிற்கிறது. எளிதில் உடைவதில்லை.

பெம்பிகஸ் என்பது வேறொரு நோய். பெயர் ஒலிப்பில் நெருங்கி இருப்பதால் நோயாளிகள் மட்டுமல்லாமல் மருந்துக் கடைக்காரர்களும் குழம்புவதுண்டு. பெம்பிகஸில் மேல்தோலின் செல்களே ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அதனால் கொப்புளம் மெல்லியதாக, தளர்ந்து, தொட்டால் உடைவதாக இருக்கும். பலருக்கு வாய்ப்புண்ணே முதலில் வரும். அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுதி. நம் நாட்டில் பெம்பிகாய்டைவிடப் பெம்பிகஸே அதிகம் காணப்படுகிறது. அது நடுத்தர வயதினரையும் தாக்கும். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வால்டர் லீவர் என்ற தோல் மருத்துவர் நுண்ணோக்கி வழியே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வரை இரண்டும் ஒரே நோயாகவே கருதப்பட்டன. 1960களில் பஃபலோ நகரில் எர்னஸ்ட் பியூட்னர், ராபர்ட் ஜோர்டான் ஆகியோர் நோயாளிகளின் இரத்தத்தில் இந்த எதிர்ப்புரதங்களைக் கண்டறிந்த பிறகே, இவை தன்னெதிர்ப்பு நோய்கள் என்பது உறுதியானது.

இந்த வேறுபாட்டை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. "எங்கள் உறவினருக்கும் கொப்புள நோய், மாதம் மூன்று நாள் படுக்கவைத்து டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். எங்கள் தாத்தாவுக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை?" என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பஸ்ரிச்சா 1980களில் பெம்பிகஸுக்காக வகுத்தளித்த பல்ஸ் சிகிச்சை அது. எண்ணற்ற உயிர்களைக் காத்த முறை. 75 வயதில் பெம்பிகாய்டு வந்தவருக்கு அத்தனை வீரியம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அவர் உடல் அதைத் தாங்குவதும் கடினம்.

மஞ்சப்பைக்குள் ஒரு துப்பு

எதிர்ப்பாற்றல் ஏன் திசைமாறுகிறது என்பதற்குப் பலருக்கு ஒரு தனிக் காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. ஆனால் சில தொடர்புகள் தெளிவாகியுள்ளன. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய் ஆகியவை உள்ள முதியவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது. தோலில் உள்ள அந்தப் புரதங்களின் வகைகள் மூளை நரம்பு மண்டலத்திலும் இருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஃபுரோசமைடு போன்ற நீர்பிரி மாத்திரைகளும், புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சில புதிய எதிர்ப்பாற்றல் ஊசிகளும் சிலரிடம் இந்நோயைத் தூண்டுகின்றன.

எங்கள் பகுதியில் நாங்கள் முதலில் தேடுவது சர்க்கரை மாத்திரையை. கிளிப்டின் என்று முடியும் பெயருடைய ஒரு மருந்துக் குடும்பம் உண்டு: வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின். சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தாத, முதியவர்களுக்கு ஏற்ற நல்ல மருந்துகள் இவை. வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 இறுதியில் முடிந்ததும் இந்தியாவில் அதன் விலை பெரிதும் குறைந்து, பரவலாக எழுதப்படும் மருந்தாகிவிட்டது. இம்மருந்துகளை உண்போரில் மிகச் சிலருக்குப் புல்லஸ் பெம்பிகாய்டு வருகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. வில்டாகிளிப்டினில் இத்தொடர்பு கூடுதலாகக் காணப்படுகிறது. மாத்திரை தொடங்கிய மறுவாரமே கொப்புளம் வந்தால் யாரும் ஐயப்படுவார்கள். மாதங்களோ, ஓராண்டுக்கு மேலோ கழித்து வருவதால்தான் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

அம்மையாரின் மஞ்சப்பையில் இரு மாநிலங்களின் நான்கு மருந்துச் சீட்டுகள் இருந்தன. அரிப்புக்குப் பார்த்தவர் சர்க்கரைச் சீட்டைப் பார்க்கவில்லை. சர்க்கரைக்குப் பார்த்தவருக்கு அரிப்பு இருப்பதே தெரியாது. எல்லைப்புறத்தில் வாழ்வதன் சிக்கல் இது. ஒரு கால் ஓசூரில், ஒரு கால் பெங்களூரில், திருவிழாவுக்குக் கிருஷ்ணகிரியில் என்று இருக்கும் குடும்பத்தில் பெரியவரின் மருத்துவ வரலாறும் மூன்று ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பையைக் கவிழ்த்து ஒவ்வொரு மாத்திரை அட்டையாகப் படித்தபோது, இரண்டு மருந்துகள் கலந்த சர்க்கரை மாத்திரை ஒன்றில் வில்டாகிளிப்டின் இருந்தது. அதை நிறுத்தி, சர்க்கரைக்கு வேறு மருந்து ஏற்பாடு செய்தோம்.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கிளிப்டின் உண்போரில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தத் தோல் தொல்லையும் வருவதில்லை. விடாத அரிப்போ கொப்புளமோ இருந்தால் மட்டும், அம்மருந்தை எழுதிய மருத்துவரிடம் காட்டி மாற்றுங்கள்.

மிளகளவு தோல்

நோயை உறுதிசெய்யத் தோலில் சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும். "சதை எடுத்தால் புற்றுநோய் ஆகிவிடுமா?" என்ற அச்சம் பலரிடம் உள்ளது. ஆகாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஏறத்தாழ ஒரு மிளகின் அளவே எடுக்கிறோம். ஓரிரு தையல் போதும்.

இரண்டு இடங்களில் எடுப்பது ஏன் என்று கேட்கிறார்கள். ஒன்று புதிய கொப்புளத்திலிருந்து; அது ஃபார்மலின் திரவத்தில் இடப்பட்டு, கொப்புளம் எந்த அடுக்கில் பிரிந்துள்ளது என்று பார்க்கப்படும். மற்றொன்று கொப்புளத்துக்கு அருகிலுள்ள நல்ல தோலிலிருந்து. ஒளிரும் சாயமிட்டு எதிர்ப்புரதங்களைக் காணும் சோதனைக்காக அதனை வேறொரு சிறப்புத் திரவத்தில் வைத்து, அவ்வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். இதைத் தவறி ஃபார்மலினில் போட்டுவிட்டால் சோதனை பயனற்றுப்போகும். வேறிடத்தில் தோல் எடுப்பதானால், "இரண்டாவது சோதனையும் உண்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையே ஒளிக்கோடு ஒன்று தெரிந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. இரத்தத்தில் எதிர்ப்புரத அளவைக் காணும் சோதனையும் துணைபுரியும்.

களிம்பு சிறிய மருந்தன்று

பெரிய நோய்க்குப் பெரிய மாத்திரைதான் வேண்டும் என்பது நம்மவர் எண்ணம். களிம்பை எழுதிக் கொடுத்தால் முகம் வாடிவிடுகிறது. அவர்களிடம் நாங்கள் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. பிரான்ஸ் நாட்டில் 341 பெம்பிகாய்டு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியானது. உடல் முழுவதும் வீரியமிக்க குளோபெட்டசால் களிம்பைப் பூசியவர்களையும், ஸ்டீராய்டு மாத்திரை உண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களில், ஓராண்டின் முடிவில் களிம்புப் பிரிவில் 76 சதவீதத்தினரும் மாத்திரைப் பிரிவில் 58 சதவீதத்தினரும் உயிருடன் இருந்தனர். கொப்புளங்களைக் கட்டுப்படுத்துவதிலும் களிம்பே முந்தியது. இந்த எண்களை முதன்முதலில் படித்தபோது எங்களுக்கும் வியப்பாகவே இருந்தது. முதியவர்களை நோயைவிட, அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரையால் வரும் தொற்றும் சர்க்கரையும் எலும்பு முறிவுமே கூடுதலாக வீழ்த்தக்கூடும் என்பதை அந்த ஆய்வு உணர்த்தியது.

ஆனால் அங்கே பூசிய அளவைக் கவனியுங்கள்: நோய் கடுமையானவர்களுக்கு நாளொன்றுக்கு 40 கிராம். நம் கடைகளில் கிடைக்கும் 30 கிராம் குழாய் ஒரு நாளைக்குக்கூடப் போதாது. எங்கள் நோயாளிகள் பட்டாணி அளவு எடுத்துக் கொப்புளத்தின்மேல் மட்டும் தொட்டுவைத்துவிட்டு, களிம்பு வேலை செய்யவில்லை என்கிறார்கள். மருத்துவர் உடல் முழுவதும் என்று எழுதியிருந்தால், முகம் தவிர, கொப்புளம் இல்லாத இடத்திலும் பூச வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம்; இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். உடல் எடைக்கும் நோயின் அளவுக்கும் ஏற்ப உங்களுக்குரிய அளவை நாங்கள் எழுதித் தருவோம். பூசுபவர் கையுறை அணிய வேண்டும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். மருந்து உள்ளே சென்று சர்க்கரையும் ஏறலாம். ஆகவே நோய் அடங்கியதும் படிப்படியாகக் குறைப்போம். வேறொருவர் படர்தாமரைக்கோ முக நிறத்துக்கோ இக்களிம்பை எடுத்துப் பூசிவிடாமல் பாதுகாப்பாக வையுங்கள்.

களிம்பு பூச ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. டாக்ஸிசைக்ளின் என்னும் பழைய மாத்திரை அங்கே கைகொடுக்கிறது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஆறு வாரங்களில் கொப்புளங்கள் கட்டுக்குள் வந்தவர்கள் ஸ்டீராய்டு மாத்திரையில் 91 சதவீதம், டாக்ஸிசைக்ளினில் 74 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகளோ முன்னதில் ஏறத்தாழ இருமடங்கு. வேகம் குறைவு, ஆபத்தும் குறைவு. இம்மாத்திரையை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் உட்கார்ந்த நிலையில் விழுங்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலுடனோ கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுடனோ சேர்த்து உண்ணக் கூடாது.

இவை போதாதபோது பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும். அதற்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே பார்க்கிறோம். மறைந்திருக்கும் காசநோய் தலைதூக்கக்கூடும். வெறுங்காலுடன் வயலில் உழைத்தவர்களுக்குக் குடற்புழு மருந்தும் கொடுப்பதுண்டு. அசதையோப்ரின், மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட், டாப்சோன் போன்றவை ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவும். ரிட்டுக்சிமாப் ஊசி கடுமையான நிலைக்கு. டுபிலுமாப் என்னும் ஊசிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜூனில் இந்நோய்க்காக ஒப்புதல் அளித்துள்ளது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதன் விலை எட்டாதது.

எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. அரிப்பு நின்றதும் பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்திவிடுகிறார்கள். அல்லது ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிடுகிறது. வாரக்கணக்கில் இதை உண்டவர் உடல், தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பதும் அதே அளவு தவறு.

வீட்டில் பார்த்துக்கொள்வோருக்கு

ஷிப்ட் வேலை செய்யும் வீட்டில் முதுகில் களிம்பு பூசுவது யார் என்பதே முதற்கேள்வி. அம்மையார் வீட்டில் இப்படி முடிவாயிற்று: காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர் மாலையிலும், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் காலையிலும் பூச வேண்டும். பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டில் ஒரு பக்கம் பேரனின் பொறுப்பு: இன்று புதிதாக எழுந்த கொப்புளங்கள் எத்தனை, இரவு அரிப்பால் எத்தனை முறை விழித்தார். எங்களுக்கு அந்த நோட்டு எந்த இரத்தச் சோதனைக்கும் குறைந்ததன்று. புதிய கொப்புளம் எழாத நாட்கள் தொடர்ந்தால்தான் மருந்தைக் குறைக்கத் துணிகிறோம்.

கொப்புளத்தின் கூரையை உரிக்காதீர்கள். அதைவிட நல்ல கட்டு எதுவும் இல்லை. பெரிதாகி வலித்தால், கிருமி நீக்கிய ஊசியால் செவிலியர் நீரை மட்டும் வடித்துவிடுவார். உடைந்த இடத்தில் வெறும் பஞ்சை வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலையும் பெயர்க்கும். பாரஃபின் தடவிய காஸ் துணி வேண்டும். உடல் முழுதும் புண்ணானவர்களை வாழையிலைமேல் படுக்கவைப்பது நம் மருத்துவமனைகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். இலை வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், புண்ணில் ஒட்டாது. வீட்டில் செய்வதானால் இலையைச் சுத்தம் செய்யும் முறையைச் செவிலியரிடம் கேட்டறிந்து செய்யுங்கள். காவி, சாம்பல், மஞ்சள் விழுது எதுவும் திறந்த புண்ணில் வேண்டாம். அக்கி எழுதுவோர் மீது எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் திறந்த புண்ணில் மண் சேர்ந்தால் கிருமியும் சேரும்.

அரிப்பைச் சொறிவதும் தோலைக் கிழிக்கும். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். பழகிய மெல்லிய பருத்தி வேட்டியோ சேலையோ விரிப்பாக இருக்கட்டும். மறதி நோயுள்ளவர்கள் அரிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் தூங்காமல் புரள்வதையும், உள்ளாடையில் நீர்க்கறை இருப்பதையும் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுடன் வீடு தேடி வரும் தன்னார்வலரிடம் பெரியவரின் விடாத அரிப்பையும் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்கும் வேலை அவருடையதன்று. சொல்ல வேண்டியவரிடம் செய்தி விரைவில் சேரும்.

காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது துர்நாற்றம், புண்ணைச் சுற்றிச் சிவந்து பரவுதல், வாய்ப்புண்ணால் உண்ண முடியாமை, கண் சிவந்து உறுத்தல், மயக்கம், குழப்பமான பேச்சு: இவற்றில் எது கண்டாலும் அடுத்த முறைவரை காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் மாதக்கணக்கில், சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் நீளும். நிறுத்திய பின் சிலருக்கு மீண்டும் வரும். அப்போதும் பெரும்பாலும் அரிப்பே முந்தி வரும். கொப்புளம் ஆறிய இடத்தில் தழும்பு விழுவதில்லை. கருத்த தடம் சில மாதங்கள் இருந்து மங்கும். அம்மையாருக்கு ஏழாம் வாரத்தில் புதிய கொப்புளங்கள் நின்றன. களிம்பு இன்னும் வாரம் இருமுறை தொடர்கிறது.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும், தீர்ந்துபோன வெற்று அட்டைகளையும்கூட, ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எந்த ஊர்ச் சீட்டு, எந்த மொழிச் சீட்டு என்று பார்த்து எதையும் விட்டுவிட வேண்டாம்.